1665-லேயே சக மதிப்பாய்வு இருந்ததா?

மாலைவெயில்

போன வாரம் ஆராய்ச்சி முறையியல் வகுப்பில் ஒரு ஸ்லைடு போட்டார்கள். "சக மதிப்பாய்வை 1665-ல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கினார். அன்று முதல் அறிவியலுக்குக் காவல் அதுதான்." சக மதிப்பாய்வு (பியர் ரிவ்யூ) என்றால், ஒரு கட்டுரையை அச்சிடும் முன் அதே துறை தெரிந்தவர்கள் படித்துக் கருத்துச் சொல்வது. எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டோம், நானும்தான். வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகு அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அந்த வரிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் ஆட்சிக்குழு 1665 மார்ச் 1-ம் தேதி போட்ட தீர்மானம். 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்ற இதழைச் செயலாளர் ஓல்டன்பர்க் தொகுக்கலாம். விஷயம் போதுமான அளவு சேர்ந்தால் மாதத்தின் முதல் திங்கட்கிழமை அச்சிடலாம். சங்க உறுப்பினர் சிலர் முதலில் பார்வையிட்டு, ஆட்சிக்குழு சாசனப்படி உரிமம் தர வேண்டும். அவ்வளவுதான். "உறுப்பினர் சிலர் முதலில் பார்வையிட்டு" என்ற துண்டை மட்டும் பிய்த்து எடுத்து, பாருங்கள் பியர் ரிவ்யூ என்கிறார்கள்.

உரிமம் எதற்கு? 1662-ல் இங்கிலாந்தில் அச்சு உரிமச் சட்டம் வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் எதுவும் அச்சேறக் கூடாது. ராயல் சொசைட்டிக்கு, தன் வெளியீடுகளுக்குத் தானே அனுமதி தரும் உரிமை அரச சாசனம் வழியாகக் கிடைத்திருந்தது. அந்த உரிமைக்குப் பழுது வராமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்தப் பார்வையிடல். அரசுக்கு எதிராக, மதத்துக்கு எதிராக ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சோதனை சரியா, கணக்கு சரியா என்பது யாருடைய கவலையும் இல்லை. பயம் நிஜமான பயம்: இரண்டே வருஷத்தில், 1667-ல், டச்சுக்காரரோடு போர் நடந்துகொண்டிருந்த சமயம், வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தில் சந்தேகப்பட்டு அதே ஓல்டன்பர்க்கைப் பிடித்து லண்டன் கோபுரச் சிறையில் இரண்டு மாதம் போல வைத்தார்கள்.

இன்னொன்று. இதழ் அவருடைய சொந்தப் பொறுப்பு. லாபமும் நட்டமும் அவருக்கே. வருஷத்துக்கு 40 பவுண்டு போலக் கிடைத்ததாம், அதுவே பெரிய பாடு. முதல் இதழ் 16 பக்கம். வியாழன் கோளில் ஹூக் கண்ட புள்ளியும் அதில் இருக்கிறது, பாயில் எழுதிய விகாரமான கன்றுக்குட்டி பற்றிய குறிப்பும் இருக்கிறது, பெர்முடா பக்கம் திமிங்கலம் பிடிப்பதும் இருக்கிறது. கைக்கு வந்த கடிதங்களில் வாசகருக்குச் சுவையானதைத் தேர்ந்து போட்ட ஒரு மனிதரின் வேலை அது. நல்ல வேலை. அதற்கு இன்றைய பெயரை ஏன் ஒட்ட வேண்டும்?

தாமிரபரணி

அம்மா, தேடிப் படித்ததற்குப் பாராட்டு. ஆனாலும் மறுக்கிறேன்.

பெயர் பின்னால் வந்தது என்பதால் செயல் முன்னால் இல்லை என்றாகாது. ஓல்டன்பர்க் தனியாக முடிவெடுத்தார் என்று எழுதினீர்கள். 1672-ஐப் பாருங்கள். ஒளியும் நிறங்களும் பற்றி நியூட்டன் கேம்பிரிட்ஜிலிருந்து எழுதிய கடிதம் பிப்ரவரி 8-ம் தேதி சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்படுகிறது. உடனே அதை ஆராய்ந்து கருத்துச் சொல்லும்படி சேத் வார்டு, பாயில், ஹூக் மூவரையும் சங்கம் கேட்டுக்கொள்கிறது. ஒரே வாரத்தில், 15-ம் தேதி, ஹூக்கின் அறிக்கை வருகிறது. துறை தெரிந்தவரிடம் கொடு, எழுத்தில் கருத்து வாங்கு. இதற்கு மேல் மதிப்பாய்வில் வேறென்ன இருக்கிறது? நாற்பது வருடம் இயற்பியல் கற்பித்தவன் நான். எத்தனையோ கட்டுரைகளுக்கு ரெஃபரியாக, அதாவது அச்சுக்கு முன் படித்து மதிப்பிடுபவராக, இருந்திருக்கிறேன். ஹூக் செய்ததைத்தான் நானும் செய்தேன்.

மேற்குமலை

சார், நீங்க சொன்ன கதையிலேயே உங்களுக்கான பதில் இருக்கு. ஹூக் அறிக்கை 15-ம் தேதி. நியூட்டன் கட்டுரை அச்சுல வந்தது 19-ம் தேதி. நாலே நாள். அதுவும் அறிக்கையில ஹூக் நியூட்டனோட சோதனைகளை ஒத்துக்கிட்டு முடிவை மட்டும் ஏத்துக்க மாட்டேன்னு சொல்லியிருந்தார். அதுக்காக ஒரு வரி மாத்தினாங்களா? நிறுத்தி வெச்சாங்களா? இல்லை. அப்போ அந்த அறிக்கைக்குக் கதவை அடைக்கிற அதிகாரம் கிடையாது. ரெஃபரிங்கறவர் கையில இன்னைக்கு இருக்கறதே அந்தச் சாவிதான்.

அடுத்து என்ன நடந்துச்சுன்னு பாருங்க. பாரிஸ்ல இருந்து பார்தீஸ்னு ஒரு பாதிரியார் எதிர்த்து எழுதறார். ஹாய்கன்ஸ் எழுதறார். லியேஜ்ல இருந்து லைனஸ் எழுதறார். நியூட்டன் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்றார். எல்லாமே அதே இதழ்ல, ஊர் பார்க்க. பார்தீஸ் கடைசியில தெளிஞ்சுட்டேன்னு ஒத்துக்கிட்டார். மதிப்பாய்வுன்னா அதுதான் மதிப்பாய்வு. அச்சுக்கு முன்னால இருட்டறையில நடக்கறது இல்லை, அச்சுக்குப் பின்னால வெளிச்சத்துல நடக்கறது.

தாமிரபரணி

தம்பி, அந்த வெளிச்சத்துக்கு நியூட்டன் கொடுத்த விலையையும் சொல்லிவிடுங்கள். சச்சரவில் மனம் நொந்து, இனி எதையும் அச்சுக்குத் தருவதில்லை என்ற நிலைக்குப் போனார். ஒளியியல் நூலை 1704 வரை வெளியிடவில்லை. ஹூக் 1703-ல் இறந்த பிறகுதான் அது வந்தது.

மாலைவெயில்

அந்தக் காலத்தில் சரிபார்ப்பு எப்படி நடந்தது என்று காட்ட எனக்கு மிகப் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. மிளகுத் தண்ணீர்க் கதை.

டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹூக், மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று யோசித்தார். அதன் துகளில் முள் போல ஏதோ இருந்து நாக்கில் குத்துகிறதோ என்று அவருக்கு எண்ணம். மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். சில வாரம் கழித்துத் தன் கையால் தேய்த்த ஒற்றை லென்ஸ் வழியே பார்த்தால், அதில் எண்ணிக்கையில் அடங்காத உயிர்கள் நெளிகின்றன. 1676 அக்டோபர் 9-ம் தேதி அதை டச்சில் நீண்ட கடிதமாக எழுதினார். அவருக்கு லத்தீனும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஓல்டன்பர்க்கே மொழிபெயர்த்து, சுருக்கி, 1677-ல் இதழில் போட்டார்.

கவனியுங்கள், போடும்போது லண்டனில் ஒருவரும் அந்த உயிர்களைப் பார்த்திருக்கவில்லை. ஒரு துளி நீரில் லட்சக்கணக்கில் உயிர்கள் என்றால் யார் நம்புவார்? நம்பவில்லைதான். லேவன்ஹூக் தன் ஊர்ப் பாதிரியார்கள், ஒரு நோட்டரி என எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டி, "கண்ணால் கண்டோம்" என்று கையெழுத்து வாங்கி அனுப்பினார். லண்டனில் ஹூக் மிளகுத் தண்ணீர் தயாரித்தார். முதல் முயற்சிகளில் ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய கண்ணாடிக் குழாய் செய்து, நீரை அதில் ஏற்றி, நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். 1677 நவம்பர் 15-ம் தேதி கூட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, இருக்கிறது என்றார்கள். ஓல்டன்பர்க் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. செப்டம்பரிலேயே போய்விட்டார்.

முதலில் அச்சு, பிறகு சோதனை. இன்று ஒரு இதழுக்கு, படிப்பு இல்லாத ஒரு வியாபாரி, தன் கருவியின் செய்முறையையும் சொல்ல மறுத்து (லேவன்ஹூக் மறுத்தார்), இப்படி ஒன்றை அனுப்பினால் ரெஃபரி தாண்டுமா? தாமிரபரணி சார், நீங்களே ரெஃபரி என்றால் என்ன எழுதுவீர்கள்?

தாமிரபரணி

நேர்மையாகச் சொல்கிறேன். "செய்முறை முழுமையாக இல்லை, திருத்தி அனுப்புக" என்று எழுதுவேன். அப்படி எழுதுவது சரி என்றும் நினைக்கிறேன். கருவியை மறைத்ததால், அவர் இறந்த பிறகு அந்த நுண்ணுயிர் ஆய்வு நூறாண்டுக்கு மேல் பெரிதாக வளரவில்லையே. ஒரு கடுமையான ரெஃபரி அன்று இருந்திருந்தால் அந்தக் கைப்பக்குவம் காகிதத்தில் ஏறியிருக்கும்.

ஒரு லேவன்ஹூக்கைச் சொன்னீர்கள். அதே தளர்ச்சியால் உள்ளே வந்த குப்பையை யார் கணக்கெடுப்பது? 1751-ல் ஜான் ஹில் என்பவர் கணக்கெடுத்தார். டிரான்சாக்‌ஷன்ஸ் பக்கங்களிலிருந்து அபத்தமானவற்றைப் பொறுக்கி ஒரு புத்தகமாகவே போட்டார். அவருக்குச் சங்கத்தின் மேல் சொந்தக் கோபம் இருந்தது, அது வேறு. ஆனால் அடி சரியான இடத்தில் விழுந்தது. அடுத்த வருஷமே, 1752-ல், சங்கம் இதழைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு கட்டுரைக் குழு ஒன்றை அமைத்தது. ஐந்து பேராவது இருந்தால்தான் கூடலாம். ரகசிய வாக்கெடுப்பு. தேவைப்பட்டால் துறை தெரிந்த வேறு உறுப்பினரையும் அழைக்கலாம்.

அதற்கும் இருபது வருடம் முன்னால் எடின்பரோவில், 1731-ல், மருத்துவக் கட்டுரைத் தொகுதி போட்ட சங்கம் இன்னும் தெளிவாகச் சொன்னது: வரும் கட்டுரைகளை அந்தந்தப் பொருளில் தேர்ந்த உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்போம், பார்த்தவர் யார் என்று ஆசிரியருக்குத் தெரியாது. இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள், அந்தக் காலத்தில் மதிப்பாய்வு இல்லையா?

மாலைவெயில்

எடின்பரோ வலுவான சான்று சார், ஒத்துக்கொள்கிறேன். "1731-ல் எடின்பரோவில்" என்று அந்த ஸ்லைடில் இருந்திருந்தால் நான் இங்கே வந்தே இருக்க மாட்டேன்.

ஆனால் 1752-ஐ நீங்கள் எடுத்தது எனக்குத்தான் உதவுகிறது. அந்தக் குழு அமைந்ததும் இதழின் முகப்பில் ஒரு அறிவிப்புப் போட்டார்கள், அது ரொம்ப காலம் தொடர்ந்து வந்தது. அதன் சாரம்: பொருளின் முக்கியத்துவம், அல்லது புதுமை, அல்லது சொல்லியிருக்கும் விதம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். தகவல்கள் உறுதியானவை என்றோ வாதம் சரியானது என்றோ நாங்கள் பொறுப்பேற்கவில்லை. அது எழுதியவர் பாடு. சங்கம் ஒரு அமைப்பாக எந்தப் பொருளிலும் தன் கருத்தைச் சொல்வதே இல்லை.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஸ்லைடு சொல்வது "காவல்". அவர்களே சொல்வது "நாங்கள் காவல் இல்லை". குழு வைத்து, ஓட்டுப் போட்டு, அதற்குப் பிறகும் "இது உண்மை" என்று முத்திரை குத்த மறுத்தார்கள். இன்று "பியர் ரிவ்யூடு ஜர்னலில் வந்தது" என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறதே, அந்த எடையை அவர்கள் தங்கள் இதழுக்குத் தரவே இல்லை. என் சண்டை அந்த எடையோடுதான், தேதியோடு மட்டும் இல்லை.

ஊசிமருந்து

ஒரு மருத்துவனாக இடையில் வருகிறேன். எட்வர்ட் ஜென்னர் 1796 மே மாதம் பெரியம்மையைத் தடுக்க, எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு மாட்டம்மைப் பால் (மாட்டம்மைக் கொப்புளத்தின் நீர்) வைத்தார். 1797-ல் அதை ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தலைவர் ஜோசப் பேங்க்ஸ் காலம் அது. ஆதாரம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். இந்தக் கதையை "மேதையை விரட்டினார்கள்" என்றுதான் எங்கள் கல்லூரியில் சொன்னார்கள்.

நான் வேறு மாதிரி பார்க்கிறேன். தடுப்பூசி வைத்துச் சோதித்த பிள்ளை ஒரே ஒருவன். மற்றதெல்லாம் முன்பே மாட்டம்மை கண்டவர்களின் வரலாறு. அதை வைத்து ஊருக்கெல்லாம் ஊசி போடச் சொன்னால் நானும் தயங்குவேன். ஜென்னர் 1798 வசந்தத்தில் இன்னும் சில பிள்ளைகளுக்கு வைத்தார், ஒரு பிள்ளையிலிருந்து அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைத்தும் பார்த்தார். மொத்தம் 23 நேர்வுகளோடு தன் செலவில் புத்தகம் போட்டார். உலகம் படித்தது அந்தப் புத்தகத்தைத்தான். திருப்பி அனுப்பியதால் வேலை கெட்டியானது. நோயாளி பக்கம் நின்று பார்த்தால் வாசலில் ஒருவர் நிற்கத்தான் வேண்டும்.

மேற்குமலை

டாக்டர், ஜென்னருக்குக் கையில காசு இருந்துச்சு, சொந்தமா புத்தகம் போட்டார். ஏற்கெனவே சங்க உறுப்பினர் வேற. இது ரெண்டும் இல்லாதவனுக்கு என்ன ஆச்சுன்னு நான் சொல்றேன். கொஞ்சம் நீளமா இருக்கும், படிங்க.

ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன். எடின்பரோக்காரர். 1839-ல பம்பாய்க்கு வந்தார், கிழக்கிந்தியக் கம்பெனியோட கடற்படைப் பயிற்சிப் பசங்களுக்குக் கணக்கும் கப்பலோட்டமும் சொல்லிக்கொடுக்கற வாத்தியார் வேலை. பாடம் முடிஞ்ச நேரத்துல உக்காந்து யோசிச்சார். காத்துங்கறது என்ன? கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எல்லாப் பக்கமும் ஓடிக்கிட்டே ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு இருக்கு. அந்த முட்டல்தான் அழுத்தம். அந்த வேகத்தோட வர்க்கம்தான் வெப்பநிலை. ரெண்டு வாயு கலந்திருந்தா கனமான துகள் மெதுவாவும் லேசான துகள் வேகமாவும் ஓடும், ஆனா சராசரியா ரெண்டுக்கும் இயக்க ஆற்றல் ஒண்ணுதான். இன்னைக்குப் பதினோராம் வகுப்புப் புத்தகத்துல இருக்கற விஷயம் இது. அவர் அதைப் பம்பாய்ல இருந்து ராயல் சொசைட்டிக்கு அனுப்பினது 1845-ல.

ரெண்டு ரெஃபரி. ஒருத்தர் பேடன் பவல், ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் (சாரணர் இயக்கம் ஆரம்பிச்சவரோட அப்பா). அவருக்கு அடிப்படையே ஒப்பலை. இன்னொருத்தர் ஜான் லப்பக். அவர் எழுதினது: இந்தக் கட்டுரை வெறும் பிதற்றல், சங்கத்துல வாசிக்கக்கூட லாயக்கில்லை.

அவ்வளவுதான். 1846-ல ஒரு சின்னச் சுருக்கம் மட்டும் வந்துச்சு. வாசிச்ச கட்டுரை சங்கத்துச் சொத்துன்னு விதி. திருப்பித் தர மாட்டாங்க. அவர் கையில நகல் கிடையாது. கொஞ்சம் நினைச்சுப் பாருங்க, வருஷக்கணக்கா எழுதின ஒரே பிரதி, கப்பல்ல ஏத்தி அனுப்பினது, லண்டன்ல ஒரு அலமாரியில உறங்குது. ஜெர்மனியில க்ளாசியஸ் 1857-ல அதே பாதையில வந்தார், அடுத்து மேக்ஸ்வெல் 1860-ல வந்தார், பேர் அவங்களுக்கு. வாட்டர்ஸ்டன் ஊர் திரும்பி, சங்கங்கள் பேச்சை எடுத்தாலே வெறுத்துப்போற ஆளா ஆயிட்டார்னு சொந்தக்காரங்க சொல்லியிருக்காங்க. 1883-ல ஒரு நாள் வீட்டை விட்டு நடந்து போனவர் திரும்பவே இல்லை.

1891-ல சங்கச் செயலாளர் ரேலி, வாட்டர்ஸ்டன் எழுதின வேற ஒரு கட்டுரையில இதைப் பத்தின குறிப்பைப் பார்த்துட்டு, அலமாரியைத் தேடி எடுத்தார். 1892-ல அதே டிரான்சாக்‌ஷன்ஸ்ல அச்சு. அந்தத் துறையோட வளர்ச்சியே பத்துப் பதினஞ்சு வருஷம் தள்ளிப்போயிருக்கும்னு ரேலியே முன்னுரையில எழுதறார்.

தாமிரபரணி

இந்தக் கதையை வகுப்பில் நானும் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் முழுதும் சொல்ல வேண்டும். வாட்டர்ஸ்டனின் கட்டுரையில் பிழையும் இருந்தது. வாயுக்களின் வெப்ப ஏற்புத்திறன் விகிதத்தைக் கணக்கிட்ட இடத்தில் சறுக்கியிருக்கிறார், ரேலி அதைச் சுட்டிக்காட்டுகிறார். ரேலி சங்கத்தைத் திட்டவும் இல்லை. பெயர் தெரியாத ஒருவர் பெரிய ஊகங்களை எடுத்துக்கொண்டு முதலில் ஒரு அறிவியல் சங்கத்தின் கதவைத் தட்டுவது உகந்ததல்ல; அளவான வேலை சிலதைச் செய்து பெயர் எடுத்த பிறகு உயரப் பறக்கலாம் என்பதுதான் அவர் சொன்ன புத்தி.

மேற்குமலை

அந்தப் புத்திதான் சார் எனக்குத் தாங்கலை. பேர் எடுத்துட்டு வான்னா, கட்டுரையைப் படிக்கறதுக்கு முன்னால ஆளைப் பார்க்கறோம்னு அர்த்தம். 45 வருஷம் கழிச்சு அலமாரியைத் திறந்து பார்த்தவரே இப்படிச் சொல்றார்.

நான் படிச்ச காலத்துல என் கட்டுரை ஒண்ணு ஒரு இதழ்ல பதினாலு மாசம் கிடந்து, மூணே வரியில திரும்பி வந்துச்சு. எந்த இதழ்னு சொல்ல வேண்டாம். அந்த மூணு வரியிலயும் கட்டுரையோட உள்ளடக்கம் பத்தி ஒரு சொல் கிடையாது, எங்க கல்லூரி பத்தி மட்டும் இருந்துச்சு. அதனால லப்பக் எழுதின அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு அது சரித்திரமாத் தெரியலை.

மாலைவெயில்

அந்த லப்பக் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். ராயல் சொசைட்டியில் எழுத்து அறிக்கை முறை உண்மையில் தொடங்கிய இடத்திலேயே அவர் இருக்கிறார்.

1831-ல் வில்லியம் ஹ்யூவெல் ஒரு யோசனை சொன்னார். வரும் கட்டுரைகளுக்கு அறிந்தவர்கள் அறிக்கை எழுதட்டும், அந்த அறிக்கைகளையும் வெளியிடலாம், சில சமயம் கட்டுரையைவிட அறிக்கை சுவையாக இருக்கும் என்று. பாரிஸ் அகாதமியில் ஏற்கெனவே அப்படி அறிக்கை எழுதும் வழக்கம் உண்டு. ஹ்யூவெல் மனதில் இருந்தது காவல் இல்லை, விளம்பரம். புது ஆய்வைப் பலருக்கும் புரியவைப்பது. முதலில் எடுத்தது, பூமி, வெள்ளி இரண்டின் இயக்கத்தில் உள்ள நீண்டகால வேறுபாடு பற்றி ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் எழுதிய கட்டுரை. படித்தவர்கள் இருவர், ஹ்யூவெல், லப்பக். ஹ்யூவெல் பாராட்டி விளக்கி எழுதினார். லப்பக்கோ கணக்கு வழியிலேயே குறை கண்டுபிடித்து, அதை எழுதியே ஆக வேண்டும் என்று நின்றார். இருவருக்கும் நெடுநாள் இழுபறி. கடைசியில் 1832-ல் ஹ்யூவெலின் பாராட்டு அறிக்கைதான் வந்தது.

ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் நிலைத்தது லப்பக் வழி. அறிக்கைகளை வெளியிடுவதும் நின்றுபோனது. ரகசியமாயின. பிறகு 1845-ல் பம்பாய்க் கட்டுரை அதே லப்பக் கையில் வருகிறது. ஊர் படிக்கும் என்று தெரிந்திருந்தால் "வெறும் பிதற்றல்" என்று ஒரே வரியில் முடித்திருப்பாரா?

ரெஃபரி தாண்டியதெல்லாம் சரியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஸ்காட்லாந்தின் க்ளென் ராய் பள்ளத்தாக்கில் மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு போல இணைகோடுகள் ஓடும். அவை பழைய கடற்கரைகள் என்று டார்வின் 1839-ல் டிரான்சாக்‌ஷன்ஸில் எழுதினார். ரெஃபரி ஆடம் செட்ஜ்விக், அந்தக் காலத்தின் பெரிய நிலவியலாளர். அச்சிடலாம் என்றார். அடுத்த வருஷமே அகாசி, அது பனிப்பாறை தடுத்துத் தேக்கிய ஏரியின் கரை என்று சொல்லிவிட்டார். பிற்காலத்தில் டார்வினே அந்தக் கட்டுரைக்காக வெட்கப்படுவதாக எழுதினார்.

தாமிரபரணி

செட்ஜ்விக் செய்ததில் தவறு என்ன? அன்று இருந்த அறிவுக்கு அது நல்ல கட்டுரை. அச்சானதால்தான் மறுக்க முடிந்தது. ரெஃபரி தீர்க்கதரிசியாக இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

பழைய_அச்சகம்

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரி மலர் ஒன்றுக்கும் சிறு அறிவியல் இதழ் ஒன்றுக்கும் நெடுங்காலம் மெய்ப்புப் பார்த்தவன். நீங்கள் எல்லாரும் ரெஃபரியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆசிரியர் என்று ஒருவர் நடுவில் இருக்கிறாரே, அவரை விட்டுவிட்டீர்கள்.

நம் பக்கத்து உதாரணம் சொல்கிறேன். 1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது, பெர்னூலி எண்கள் பற்றி. ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார், பெங்களூரில் கணிதப் பேராசிரியர். ராமானுஜன் எழுதி அனுப்பியது சாதாரண வாசகருக்குப் பிடிபடாத எழுத்து. சுருக்கம், தாவல், நிரூபணம் பாதியில் நிற்கும். ஐயங்கார் நிராகரிக்கவில்லை, அப்படியே போடவும் இல்லை. திருப்பி அனுப்பினார், வந்தது, மறுபடி அனுப்பினார், மறுபடி வந்தது. பல தடவை போய் வந்த பிறகுதான் அச்சு. அப்போது ராமானுஜனுக்கு வேலையும் கிடையாது, பட்டமும் கிடையாது. வாட்டர்ஸ்டன் இருந்த அதே இடம். கிடைத்த ஆள் வேறு.

கையெழுத்துப் பிரதியை மேசையில் வைத்து, இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எழுதியவரையே கேட்பது ஒரு வேலை. அதை நான் செய்திருக்கிறேன். ஒரு பள்ளி ஆசிரியர் கிணற்று நீர் மட்டம் பற்றி அனுப்பிய எட்டுப் பக்கத்தை மூன்று மாதம் தபாலில் மாற்றி மாற்றி அனுப்பி ஐந்து பக்கமாக்கினோம். அவர் வைத்திருந்த அளவுப் பட்டியல் நாலாவது தபாலில்தான் வெளியே வந்தது. கட்டுரையின் உயிரே அதுதான், அவர் அதை முக்கியம் என்றே நினைத்திருக்கவில்லை. ரகசிய அறிக்கை ஒன்று "அளவுகள் இல்லை" என்று மட்டும் எழுதியிருக்கும்.

மேற்குமலை

ஐயா, நன்றி. இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியாம இருந்துச்சு. அதே போல ராமன் கதையும். ஒளிச்சிதறல்ல 'ராமன் விளைவை' 1928 பிப்ரவரி 28-ல கண்டது, மார்ச் 16 பெங்களூர்ல பேசினது, மார்ச் மாசம் முடியறதுக்குள்ள கல்கத்தாவுல தானே நடத்தின இந்திய இயற்பியல் இதழ்ல அச்சடிச்சு ஊர் ஊரா அனுப்பியாச்சு. மாஸ்கோவுல லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் அதே நேரத்துல அதே விளைவைப் பார்த்துட்டு இருந்தாங்க. அவங்க கட்டுரை பிந்தித்தான் வந்துச்சு. ஐன்ஸ்டைன்கூட 1936-ல 'ஃபிசிக்கல் ரிவ்யூ' அவர் கட்டுரையை ரெஃபரிக்குக் காட்டினதுக்கு, அச்சிடத்தான் கொடுத்தேன், யார்கிட்டயும் காட்டச் சொல்லலைன்னு கோவிச்சுக்கிட்டு வாபஸ் வாங்கிட்டார்.

தாமிரபரணி

தம்பி, ஐன்ஸ்டைனை எடுத்திருக்கக் கூடாது. ஈர்ப்பலைகள் கிடையாது என்பது அந்தக் கட்டுரையின் முடிவு. தவறு. அதைக் கண்டுபிடித்தவர் அந்த ரெஃபரி, ராபர்ட்சன். பத்துப் பக்கம் எழுதினார். ஐன்ஸ்டைன் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு அதே ராபர்ட்சன் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனின் உதவியாளரிடம் பேசி விளக்க, கட்டுரை திருந்தி, வேறு இதழில் 1937-ல் வந்தது. ரெஃபரி இல்லையென்றால் ஐன்ஸ்டைன் பெயரில் ஒரு பெரிய பிழை அச்சில் நின்றிருக்கும். லப்பக்கின் ஒரு வரியும் ராபர்ட்சனின் பத்துப் பக்கமும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதுதான் நம் சிக்கல்.

ராமன் விஷயத்தில், இதழே அவருடையது. எல்லாருக்கும் சொந்த இதழ் இருக்காது.

மாலைவெயில்

சார், நீங்கள் சொன்ன அந்தக் கடைசிச் சிக்கல்தான் ஸ்லைடிலும் இருக்கிறது. 1665-ல் உரிமம், 1752-ல் வாக்கெடுப்பு, 1832-ல் அறிக்கை. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கட்டி, ஆதியிலிருந்தே இப்படித்தான் என்றால், மாற்றலாமா என்ற கேள்வியே எழாது. 'நேச்சர்' இதழ் எல்லாக் கட்டுரையையும் ரெஃபரிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கியதே 1973-ல்தான். டிஎன்ஏ இரட்டைச் சுருள் கட்டுரை 1953-ல் ரெஃபரி பார்க்காமல் அதே இதழில் வந்தது. எங்கள் பேராசிரியரிடம் எடின்பரோ, 1752 அறிவிப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். ஸ்லைடை மாற்றுவாரா தெரியாது, கேட்பார்.

தாமிரபரணி

கொண்டு போங்கள் அம்மா. தேதியில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. வாசலில் ஒருவர் நிற்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

பழைய_அச்சகம்

வாட்டர்ஸ்டன் கட்டுரை விஷயமாக ஒன்று. வாசித்ததைத் திருப்பித் தரக் கூடாது என்ற விதியை நீங்கள் குறை சொன்னீர்கள். அந்த விதியால்தான் அது 45 வருடம் கிழியாமல், தொலையாமல் அலமாரியில் இருந்தது. திருப்பிக் கொடுத்திருந்தால் அவர் மனம் வெறுத்த நாளில் அடுப்பில் போட்டிருக்கலாம். ரேலி கைக்கு எட்டியிருக்காது.

மேற்குமலை

இருக்கலாம் ஐயா. ரேலி கைக்கு எட்டினப்போ அவர் போய் எட்டு வருஷம் ஆயிருந்துச்சு.